குடில் கட்டுவது முதல் ஹால் டிக்கெட் வரை: கிறிஸ்தவப் பள்ளியில் முதன்முறை பத்தாம் வகுப்பு ஏற்பவர்களுக்கு

மதுரையில் ஓர் உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் ஜூனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புக்கு நீங்கள்தான் வகுப்பாசிரியர் என்று ஹெச்.எம். வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நவம்பர் வரை அது மற்றப் பள்ளிக்கூடங்களைப் போலத்தான் இருந்திருக்கும். டிசம்பர் பிறந்ததும் அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ் விழா, பெயர்ப்பட்டியல் திருத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதிலிருந்து ஏப்ரல் வரை மூச்சுவிட நேரம் இருக்காது.

இரண்டு பள்ளிகளில், ஒன்று பையன்கள் பள்ளி, இன்னொன்று போர்டிங் உள்ள பெண்கள் பள்ளி, இருபது வருடத்துக்கு மேல் இந்த ஐந்து மாதங்களைக் கடந்திருக்கிறேன். புதிதாக வருகிற ஆசிரியர்கள் கேட்கிற கேள்விகள் வருடாவருடம் ஒன்றுதான் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

யாருடைய பள்ளி என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘கிறிஸ்தவப் பள்ளி’ என்று பொதுவாகச் சொன்னாலும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி வேறு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளி வேறு. மதுரையில் இரண்டும் நிறைய. சி.எஸ்.ஐ. பள்ளிகள் பலவற்றுக்கு வேர் 1834-ல் இங்கே வந்த அமெரிக்கன் மதுரை மிஷனில் இருக்கிறது. 1881-ல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் அந்த மிஷனின் வழியில் வந்ததுதான். ஆர்.சி. பள்ளிகளை மறைமாவட்டமோ, ஏதாவதொரு துறவற சபையின் ஃபாதர்களோ சிஸ்டர்களோ நடத்துவார்கள்.

வேறுபாடு உங்கள் அன்றாடத்தில் வந்து மோதும். ஆர்.சி. பள்ளியில் திருப்பலி, குடில் (இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் அமைப்பு), மறைக்கல்வி. சி.எஸ்.ஐ. பள்ளியில் ஆராதனை, கேரல் சர்வீஸ், வேதாகம வகுப்பு. அங்கே ஃபாதர், இங்கே ஐயர் அல்லது போதகர். நான் கிறிஸ்தவள் இல்லை, மேலூர்ப் பக்கத்துக்காரி. சேர்ந்த புதிதில் தாளாளராக இருந்த ஃபாதரை மேடையிலேயே ‘ஐயர் அவர்களே’ என்று அழைத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டார். பிள்ளைகள் மட்டும் ஒரு மாதம் என்னை விடவில்லை.

இதோடு ஒரு சட்ட விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் மத போதனை வகுப்பிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகள் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துவதால் சிக்கல் வருவதில்லை. ஆனால் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் ஒரு பையன் வந்து நிற்பான். வாசலில் யாராவது அவனை நிறுத்துவதற்கு முன் நீங்கள் ஹெச்.எம்.மிடம் பேசி வைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் முன்கூட்டியே கேட்டால் எந்த ஃபாதரும் மறுத்ததில்லை. அசெம்பிளியில் எல்லோர் முன்னிலும் விசாரணை நடந்தால்தான் அந்தப் பிள்ளை அப்புறம் பள்ளிக்கே வராமல் போகிறான்.

பெயர்ப்பட்டியல் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸ் என்கிற கல்வித்துறையின் இணையப் பதிவில் உள்ள மாணவர் விவரங்களிலிருந்துதான் தயாராகும். ‘நாமினல் ரோல்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் உள்ளதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். ஆகவே இதைக் கிளார்க் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

ஒவ்வொரு பிள்ளையையும் பிறப்புச் சான்றிதழ் நகல் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, புகைப்படம், பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் பிள்ளையை உட்கார வைத்தே சரிபாருங்கள். தவறு பெரும்பாலும் முன்னெழுத்தில் இருக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். சரிபார்த்ததும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கைபேசி எண்ணையும் பாருங்கள். மே மாதம் தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் அப்பா விற்றுவிட்ட போனுடையதாக இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளி மாணவர்கள், கற்றல் குறைபாடு உள்ள மாணவர்கள் இருந்தால் சலுகைகளுக்கான விண்ணப்பத்தையும் இப்போதே தொடங்குங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று இருக்கிறது. மருத்துவச் சான்று வாங்க ராஜாஜி மருத்துவமனைக்கு இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் சம்பளம்.

விழாவிலிருந்து பத்தாம் வகுப்பை ஒதுக்காதீர்கள்

டிசம்பர் முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழும்: “டென்த்தை விட்டுடலாம் டீச்சர், அவங்க படிக்கட்டும். நைன்த் வரைக்கும் புரோகிராம் வாங்கிக்குவோம்.” நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். நான் இதை ஏற்பதில்லை.

கேரல் பாட்டு சத்தம் ஹாலிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் படிக்காது. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ஒரு பிள்ளை வீட்டில் என்ன பாடுபடுகிறது என்பதை விடைத்தாளில் கண்டுபிடிக்க முடியாது. விழா வேலையில் தெரிந்துவிடும்.

ஒரு வருடம் ஆர்.சி. பள்ளியில் குடிலுக்குப் பச்சை வளர்க்கிற பொறுப்பை என் வகுப்புக்கு வாங்கினேன். எல்லாப் பாடத்திலும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் தொங்குகிற ஒரு பையன், முதல் பீரியட் முழுக்கத் தூங்குகிறவன், தானாக எழுந்து “நான் போடுறேன் டீச்சர், எங்க ஊர்ல முளைப்பாரிக்கு நான்தான் தண்ணி ஊத்துவேன்” என்றான். பத்து நாளும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தண்ணீர் தெளித்தான். எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறாய் என்று கேட்டால், அவன் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து அப்பாவோடு மாட்டுத்தாவணி பூமார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போகிறவனாம். ஐந்து மாதம் அவனைத் தூங்குமூஞ்சி என்று திட்டியிருக்கிறேன். அப்புறம் அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி, ஜனவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று குறைத்துக்கொண்டார்கள்.

ஆகவே பத்தாம் வகுப்புக்கும் ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். ஒத்திகை அதிகம் தேவைப்படுகிற நடனம் வேண்டாம். குடில், நட்சத்திரம் கட்டுவது, கேரலில் ஒரு பாட்டு, பத்து நிமிட நாடகம் இவையே போதும்.

குடில் பச்சைக்கு வழி சொல்கிறேன். கேழ்வரகை ஓர் இரவு ஊறவையுங்கள். மக்கிய எரு கலந்த மண்ணைத் தட்டையான தட்டுகளில் இரண்டு அங்குலம் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மண்ணை லேசாகத் தெளித்து ஈரச்சாக்கால் மூடிவிடுங்கள். முதல் மூன்று நாள் இருட்டு, பிறகு வெளிச்சம். முழுக்க இருட்டிலேயே வைத்தால் முளைப்பாரி போல வெளிறி நீண்டுவிடும். மாரியம்மனுக்கு அது அழகு, பெத்லகேமுக்குச் சரிவராது. விழாவுக்கு எட்டு நாள் முன்னால் போட்டால் சரியாக இருக்கும். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நாடக உடைக்கு வாடகைக் கடை தேடி அலைய வேண்டாம். இடையர்களுக்குக் கைலியும் தலைப்பாகையும் போதும். வானதூதருக்கு வெள்ளை வேட்டி, கொஞ்சம் ஜிகினா. மூன்று ராஜாக்களுக்கு மட்டும் கொஞ்சம் பகட்டு வேண்டும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் சாமி அலங்காரத் துணியில் மிச்சம் மீதி கேட்டால் கிடைக்கும். பட்டு ஜரிகை போட்ட ராஜா என்றால் பையன்களுக்குள் சண்டையே வரும். மரியாள், சூசை வேடத்துக்கு வகுப்பில் அதிகம் பேசாதவர்களைப் போடுங்கள். அந்த இரண்டு வேடத்துக்கும் வசனம் குறைவு, மேடையில் நிற்கிற நேரம் அதிகம்.

எந்த மதத்துப் பிள்ளை எந்த வேடம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஆனால் ஒரு பிள்ளையோ வீட்டாரோ தயங்கினால் வற்புறுத்தவும் வேண்டாம். ஒலிபெருக்கி, திரைச்சீலை, மேடை விளக்கு என்று கைக்கு வேலை எவ்வளவோ இருக்கிறது.

பரிசுப் பரிமாற்றத்தில் நான் செய்த தப்பு

சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு யாருக்கும் தெரியாமல் நண்பராக இருந்து, விழா நாளில் பரிசு கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. சில இடங்களில் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ என்பார்கள். என் இரண்டாவது வருடத்தில் விலை வரம்பு எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு பிள்ளை கைக்கடிகாரம் கொண்டுவந்தது, இன்னொன்று டெடி பொம்மை. விழாவன்று ஒரு பையன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் அவன் அம்மாவைப் பார்த்தபோது, “காசு இல்லைன்னு சொன்னேன் டீச்சர், அதான் போகலைன்னு படுத்துக்கிட்டான்” என்றார். அன்றைக்கு அவன் பெயர்ச்சீட்டை எடுத்திருந்த பிள்ளையும் பரிசை வைத்துக்கொண்டு காத்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

அதிலிருந்து என் வகுப்பில் காசு கொடுத்து வாங்கிய எதுவும் கிடையாது. கையால் செய்தது, எழுதியது, வீட்டில் விளைந்தது மட்டும்தான். ஒரு முறை ஒருத்தி முருங்கைக்காய்க் கட்டு கொண்டுவந்தாள். வாங்கிய பெண்ணின் அம்மா அடுத்த நாள் சாம்பார் கொடுத்தனுப்பினார். கேக்குக்கும் வசூல் வேண்டாம். பழைய மாணவர் யாரிடமாவது சொன்னால் ஒரு கேக் வந்துவிடும். கூட ஆளுக்கு ஒரு கரண்டி கேசரியும் மிக்சரும் போதும்.

அரையாண்டும் விடுமுறையும்

அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாவது வாரம் தொடங்கி 23 வாக்கில் முடியும். விழா தேர்வுக்கு முன்பா, கடைசித் தேர்வன்று மதியமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். உங்களைக் கேட்டால் தேர்வுக்கு முன் என்று சொல்லுங்கள். கடைசி நாளில் வைத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். போர்டிங் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் பெட்டியோடு கேட்டில் நிற்பார்கள். மழை விடுமுறை வந்து தேர்வு தள்ளிப்போனால் விழாவே இல்லாமல் போய்விடும்.

விடுமுறைக்குக் குவியலாக வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். பாடத்துக்கு ஒரே ஒரு வினாத்தாள் போதும்.

அரையாண்டு விடைத்தாளை ஜனவரியில் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிக்க வேண்டாம். அதிக மதிப்பெண்ணிலிருந்து குறைவு வரை அடுக்கிக் கொடுப்பதும் வாசிப்பதும் ஒன்றுதான். கடைசியில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் வகுப்பறையில் இன்னும் ஏன் என்று நான் கேட்பதுண்டு. சில பள்ளிகளில் வழக்கம் மாறவில்லை. உங்கள் வகுப்பிலாவது மாற்றிக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்து திறக்கிற முதல் வாரம்தான் மிக முக்கியம். தை ஒன்று அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று அலங்காநல்லூர் என்று பையன்கள் சுற்றிவிட்டு வருவார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் மதிலிலிருந்து விழுந்து எழுதுகிற கையை உடைத்துக்கொண்டு வந்ததும் நடந்திருக்கிறது. “வலது கையைப் பத்திரமா வச்சுக்கடா” என்று விடுமுறைக்கு முன் சொல்லி அனுப்புவேன்.

அந்த வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் யார் வரவில்லை என்று பாருங்கள். அந்தப் பெயர்கள்தான் மார்ச்சில் தேர்வுக்கு வராமல் போகக்கூடிய பெயர்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று செய்தி வந்ததே, அவர்கள் யாரும் அன்று காலையில் திடீரென்று முடிவெடுத்தவர்கள் இல்லை. போன் மட்டும் போட்டால் போதாது, முடிந்தால் வீட்டுக்குப் போங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் போங்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

திருப்புதல் தேர்வு, செய்முறை, ஃபேர்வெல்

ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பது தெரிந்ததே. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எனவே மெல்லக் கற்கிற பிள்ளைக்குச் செய்முறைதான் முதல் ஊன்றுகோல். ரெக்கார்டு நோட்டு முடிக்காதவர்களை மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார வைத்து முடிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டில்லாமல் செய்முறைக்கு வரப் பயந்து லீவு போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாலை ஸ்டடி எத்தனை மணி வரை என்பதைப் பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள். ஆறு மணிக்கு முடித்தால், பெரியார் நிலையத்திலிருந்து கிராமத்துப் பஸ் பிடித்து, இறங்கி நடந்து வீட்டுக்குப் போக எட்டரை ஆகும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் மாற்றிக் கொடுங்கள். ஸ்டடிக்கு முன் சுண்டலோ பொரிகடலையோ ஏதாவது கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட வயிறு ஐந்து மணிக்கு அல்ஜீப்ராவை ஏற்காது.

ஃபேர்வெல்லைப் பிப்ரவரி நடுவுக்குள் முடித்துவிடுங்கள். மேல் வகுப்புப் பிள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றி கீழ் வகுப்புக்குக் கைமாற்றுகிற அந்தச் சடங்கில் அழாதவர்களே கிடையாது. அழுத கையோடு செய்முறைக்குப் போகக் கூடாது. குரூப் போட்டோவும் அதே வாரத்தில். போட்டோ வாங்க முடியாதவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டூடியோக்காரரிடம் பேசினால் நாலைந்து பிரதி சும்மா தருவார்.

தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து ஜெபம் செய்வது ஆர்.சி. பள்ளிகளில் வழக்கம். அதே ஹால் டிக்கெட் நகல் மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையார் காலடிக்கும், கோரிப்பாளையம் தர்காவுக்கும் போய்வரும். ஒரு பிள்ளை மூன்று இடத்துக்கும் கொண்டுபோய்விட்டு புதூர் லூர்தன்னைக்கும் போய் வந்ததாகச் சொன்னாள். ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன், அதைக் காணவில்லை. ஆகவே ஒரிஜினல் தேர்வு நாள் வரை உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

ரமலான் நோன்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் இரண்டும் அடிக்கடி தேர்வு நாட்களில் வரும். பட்டினி கிடக்காதே என்று அறிவுரை சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளை நோன்பில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, தேர்வு முடிந்ததும் வெயிலில் நடக்கவிடாமல் வண்டி ஏற்றி அனுப்புங்கள்.

எதைப் பார்த்து உஷாராக வேண்டும்

டிசம்பரில் நாடகத்தில் நின்ற பிள்ளையை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே பிள்ளை பிப்ரவரியில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போவது, கூட்டாளியோடு பேச்சை நிறுத்தியது, கையெழுத்து திடீரென்று கோணுவது, தனக்குப் பிடித்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லாட்டி எங்கம்மாவுக்கு நிம்மதி” போன்ற பேச்சு. இதில் கடைசி இரண்டையும் விளையாட்டு என்று விடவே கூடாது.

தனியாகக் கூப்பிடுங்கள், ஆனால் மூடிய அறையில் வேண்டாம், மரத்தடி போதும். படிப்பைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ராத்திரி தூங்குறியா, வீட்டில் யார் யார் இருக்கீங்க, காலைல என்ன சாப்பிட்ட என்று கேளுங்கள். சாகிற எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்டார்களே என்று அழுதுவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஹெச்.எம்.முக்கும் பெற்றோருக்கும் அன்றே சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ், 104 சுகாதார உதவி எண், பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கு 1098. இந்த நான்கையும் கரும்பலகையின் ஓரத்தில் ஜனவரியிலேயே எழுதி, தேர்வு முடியும் வரை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவப் பள்ளிகளில் கவுன்சலிங் படித்த சிஸ்டர் ஒருவர் இருப்பார் என்பது ஒரு வசதி. ஆனால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தையும் கவுன்சலிங்கையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். அது வேறு இது வேறு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் பேசும்போது, “அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்குச்சு” என்கிற கேள்வியைத் தேர்வு முடியும் வரை வீட்டில் தடை செய்யச் சொல்லுங்கள். கேபிளைத் துண்டிப்பது, போனை உடைப்பது மாதிரியான வீரமெல்லாம் மார்ச்சில் வேண்டாம். ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அடுத்த கூட்டத்திலும் சொல்லுங்கள்.

தேர்வு நாட்கள்

தேர்வு மையம் வேறு பள்ளி என்றால் இரண்டு நாள் முன்பே பிள்ளைகளைக் கூட்டிப்போய் வாசலையும் கழிப்பறையையும் குடிதண்ணீரையும் காட்டிவிடுங்கள். முதல் நாள் பாதிப் பதற்றம் இடம் தெரியாததால் வருவது. ஒரு அறைக்கு 20 பேர், எண் பலகையில் ஒட்டியிருக்கும்.

காலை 10 மணிக்கு வினாத்தாள். முதல் 10 நிமிடம் படிக்க, அடுத்த 5 நிமிடம் முகப்புத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து 1.15 வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று திருப்புதல் தேர்விலேயே பழக்குங்கள். தெரிந்த கேள்விகளைத் தேடிக் கண்ணால் குறித்துக்கொள்ளட்டும். தெரியாத கேள்வியிலேயே கண் நின்றுவிட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

முக்கியமாக ஒன்று. சரியாக எழுதவில்லை என்ற ஆத்திரத்தில் எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே குறுக்கே அடித்துவிட்டு வருவதை ஒழுங்கீனமாகக் கருதி நடவடிக்கை எடுப்பார்கள். பதற்றத்தில் இதைச் செய்கிற பிள்ளைகள் உண்டு. ‘தப்பா இருந்தாலும் அடிக்காதே, அப்படியே விட்டுட்டு வா’ என்று தினமும் சொல்லுங்கள். எண்ணையோ பெயரையோ சாமி குறியையோ சிலுவையையோ விடைத்தாளின் உள்பக்கத்தில் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையார் சுழி கை தானாகப் போட்டுவிடும் ஒன்று. ரஃப் நோட்டில் போட்டுப் பழகியதை நிறுத்த ஒரு மாதம் ஆகும்.

மாதவிடாய் நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பெண் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நாப்கினும் மாற்றுத்துணியும் மையத்துக்குப் போகிற ஆசிரியையின் பையில் இருக்கட்டும். புது மாத்திரை எதையும் தேர்வன்று முதன்முறையாகச் சாப்பிட வேண்டாம்.

மார்ச் மாத மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இட்லி, இல்லாவிட்டால் பழைய சோறும் மோரும். வெளியே வந்ததும் ஜிகர்தண்டா வேண்டாம், தண்ணீர். வாசலில் நின்று விடையைச் சரிபார்க்கிற கூட்டத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் அன்றைய மதியம் உங்கள் முதல் வேலை. கடைசித் தேர்வன்று சட்டையில் மை தெளிக்கிற கூத்துக்குப் பழைய சட்டை ஒன்றைப் பையில் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். தடுத்துப் பார்த்துத் தோற்றவள் நான்.

முடிவு வருகிற நாள்

மே மாதம் முடிவு வரும். நீங்கள் ஊரில் இருங்கள், அல்லது போனில் இருங்கள். தேர்ச்சி பெறமாட்டார்களோ என்று நீங்கள் நினைக்கிற ஏழெட்டுப் பேரின் எண்களைத் தனியாக எழுதிவையுங்கள். முடிவு வந்ததும் முதல் போன் அவர்களுக்கு. நானூற்று எண்பது வாங்கியவள் தானாகவே கூப்பிடுவாள். பிள்ளையிடம் பேசுவதற்கு முன் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் பேசி, இன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம் பிள்ளையிடம் விவரத்தை மட்டும் சொல்லுங்கள். துணைத்தேர்வு ஜூன், ஜூலையிலேயே நடக்கும். தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேர்ச்சி பெற்றால் இதே வருடம் மேற்படிப்பில் சேரலாம். விண்ணப்பிக்கிற நாட்கள் குறைவு, அதனால் நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வா, நான் இருப்பேன். படிப்பு வேண்டாம் என்று நிற்பவனுக்குக் கே.புதூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அங்கே போனவர்கள் பலர் எனக்கு ஃபேன் ரிப்பேர் செய்து தந்திருக்கிறார்கள். முளைப்பாரிப் பையனும் அங்கேதான் படித்தான்.

அசல் மதிப்பெண் சான்றிதழ் வந்ததும் ஒவ்வொன்றையும் பெயர்ப்பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பத்து நகல் எடுத்துக்கொள்ளட்டும். அசலை லேமினேட் செய்ய வேண்டாம் என்று அம்மாக்களிடம் சொல்லுங்கள். அப்பாக்களிடம் சொன்னால் அன்று சாயங்காலமே லேமினேட் செய்துகொண்டு வந்து காட்டுவார்கள்.